ஒரு டாலருக்கு இரண்டு விலை

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஒரே மாதிரியான இரண்டு பழைய நாற்காலிகளுக்கு இரண்டு விலை சொன்னால் நாம் ஆச்சரியப்படுவதில்லை. பேரம் பேசத் தெரிந்தவர் குறைத்து வாங்குவார். தெரியாதவர் கூடக் கொடுத்துவிட்டு, வீட்டில் உண்மை விலையைச் சொல்லாமல் மழுப்புவார். ஆனால் நாணயத்துக்கே இப்படி இரண்டு விலை ஏற்பட்டால் என்ன ஆகும்? சர்க்கார் அறிவிக்கும் விலை ஒன்று. சந்தில் நின்று காதோடு காதாகச் சொல்லும் விலை மற்றொன்று. நம் நாட்டில் நாற்பது வருஷத்துக்கு மேல் அந்நிய நாணயத்தின் நிலைமை இப்படித்தான் இருந்தது.

1939-ல் யுத்தம் தொடங்கியதும் அந்நிய நாணயத்துக்குக் கட்டுப்பாடு வந்தது. யுத்தம் முடிந்தது; கட்டுப்பாடு முடியவில்லை. 1947-ல் அதற்கென்று தனிச் சட்டம் பிறந்தது. 1973-ல் அது இன்னும் கடுமையாயிற்று. மீறியவர்கள் சிறைக்கும் போக நேரிடலாம். இடையில் 1966-ம் வருஷம் ஜூன் 6-ந் தேதி டாலரின் சர்க்கார் விலை 4 ரூபாய் 76 காசிலிருந்து 7 ரூபாய் 50 காசாக உயர்த்தப்பட்டது. ஆனால், வேண்டுமென்பவருக்கெல்லாம் அந்த விலையில் டாலர் கிடைத்ததா என்றால், அதுதான் இல்லை. 1970-களில் மேல்படிப்புக்கு அமெரிக்கா சென்ற பையன்கள் சட்டைப்பையில் எட்டு டாலரோடு விமானம் ஏறினார்கள் என்பது பல குடும்பங்களில் இன்றும் சொல்லப்படும் கதை.

கேட்டவருக்குக் கிடைக்காத பண்டம் சும்மா இருக்குமா? தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிக் கடற்கரை ஸ்டேஷனில் இறங்கினால் பர்மா பஜார். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களின் பிழைப்புக்காக 1960-களின் கடைசியில் ஏற்பட்டது அது. அங்கே சீமைச் சாமானோடு சீமை நோட்டும் கை மாறியது. அதே ரயில் பாதையில் திரிசூலத்துக்கு எதிரே மீனம்பாக்கம் விமான நிலையம். வளைகுடா நாடுகளுக்கு நம்மவர்கள் கூட்டம் கூட்டமாகப் போகத் தொடங்கிய பிறகு, இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவில் உள்ள வீடுகளில் "உண்டியல்" என்ற சொல் கோயிலை மட்டும் குறிப்பதாக இல்லை.

இந்த உண்டியல் எப்படி நடக்கிறது தெரியுமா? துபாயில் வேலை செய்யும் மகன் தன் சம்பளத்தை அங்கே ஓர் ஆசாமியிடம் கொடுப்பான். மறுநாள் சேலையூரில் அவன் தாயார் வீட்டுக் கதவைத் தட்டி வேறோர் ஆசாமி ரூபாயைக் கொடுத்துவிட்டுப் போவான். பணம் கடலைத் தாண்டவே இல்லை! மகன் கொடுத்த பணத்தில் அங்கே தங்கம் வாங்கப்படும். அது பெட்டியின் அடித்தட்டிலோ செருப்பின் அடியிலோ ஒளிந்து இங்கே வந்து விலையாகும். அந்த ரூபாய்தான் தாயார் கைக்கு வந்தது. பாங்கி கொடுப்பதைவிட நூற்றுக்கு இவ்வளவு என்று அதிகமாகவே வந்தது.

அந்தத் தாயாரை நாம் குறை சொல்வதா? மகன் வெயிலில் உழைத்துச் சம்பாதித்ததற்குச் சந்தை கொடுக்கும் விலையைத்தான் அவள் வாங்கினாள். சர்க்கார் விலைக்கும் சந்தை விலைக்கும் உள்ள வித்தியாசம், நேர்மையாகப் பாங்கி வழியே அனுப்பியவனுக்கு விதித்த வரி அல்லாமல் வேறென்ன? ஆனால் உண்டியல்காரனை நாம் பரோபகாரி என்று சொல்லவும் தயாரில்லை. அவன் ஏமாற்றினால் எந்தக் கோர்ட்டுக்குப் போவது? அதைவிடப் பெரிய நஷ்டம் பின்னால் வரும். மேடவாக்கத்தில் மனை வாங்கும்போது, பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் காட்டுவதற்கு ஒரு துண்டுச் சீட்டுக்கூட இராது. வியர்வை சிந்திச் சேர்த்த வெள்ளைப் பணம், சொந்த வீட்டுக்குள்ளேயே கறுப்புப் பணமாய் நுழைந்துவிடுகிறது.

எத்தனையோ சோதனைகளாலும் சிறைவாசங்களாலும் தீராத இந்த வியாதி, பெரும்பாலும் தீர்ந்தது வேறு வழியில். 1991-ல் கஜானாவில் அந்நிய நாணயம் வறண்டு, தேசத்தின் தங்கமே அடகு வைக்க விமானம் ஏறியது. அவ்வருஷம் ஜூலையில் ரூபாயின் மதிப்பு இரண்டு முறை குறைக்கப்பட்டது. 1992 மார்ச்சில் நிதி மந்திரி ஸ்ரீ மன்மோகன் சிங் இரண்டு விலையையும் சட்டபூர்வமாகவே ஒப்புக்கொண்டார். கொண்டுவரும் டாலரில் நூற்றுக்கு 40 பங்கு சர்க்கார் விலைக்கு. மீதி 60 பங்கு சந்தை விலைக்கு. மறு வருஷம் மார்ச்சில் இரண்டும் ஒன்றாயின. 1973-ம் வருஷச் சட்டமும் போய், 2000 ஜூனில் அபராதத்தோடு திருப்தியடையும் புதுச் சட்டம் அமுலுக்கு வந்தது.

பழங்கதைதானே என்று நினைக்கும் நேயர்கள் அண்டை நாட்டைப் பார்க்க வேண்டும். 2021-ன் பிற்பகுதியில் இலங்கை மத்திய வங்கி டாலரை ஏறக்குறைய 203 ரூபாயில் பிடித்து நிறுத்தியது. வெளியிலோ 240-க்கு மேல். நூறு டாலர் அனுப்பினால் சுமார் நாலாயிரம் ரூபாய் வித்தியாசம்! டாலருக்குப் பத்து ரூபாய் ஊக்கத்தொகை தருவதாக டிசம்பரில் அறிவித்துப் பார்த்தார்கள். நாற்பதுக்குப் பத்து எந்த மூலைக்கு? வெளிநாட்டிலுள்ளோர் வங்கி வழியே அனுப்பிய தொகை 2020-ல் சுமார் 710 கோடி டாலர். 2021-ல் 550 கோடி. 2022-ல் 380 கோடி. டாலர் இல்லாததால் பெட்ரோல் இல்லை, மருந்து இல்லை. எம்மைப் போன்ற உபாத்தியாயர்களுக்கு நெஞ்சில் தைத்த செய்தி ஒன்று உண்டு: 2022 மார்ச்சில் மேல் மாகாணத்துப் பள்ளிகளில் காகிதம் இல்லாமல் பரீட்சையே தள்ளிவைக்கப்பட்டது. அதே மாதம் பசி தாங்காத தமிழ்க் குடும்பங்கள் குழந்தை குட்டிகளோடு படகேறித் தனுஷ்கோடிப் பக்கம் வந்து இறங்கின.

அந்த மார்ச்சிலேயே விகிதத்தின் பிடி தளர்ந்தது. மே மாதத்துக்குள் டாலர் 360 ரூபாய் அளவுக்குப் போய்விட்டது. சாமான் விலை எல்லாம் ஏறி ஜனங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆனாலும் இரண்டு விலைக்கும் இடைவெளி சுருங்கியதும், போன பணம் வங்கிக்குத் திரும்பலாயிற்று. 2023-ல் வந்தது ஏறக்குறைய 600 கோடி டாலர்.

இங்கே டாலரின் இடைவெளி குறைந்துவிட்டாலும் தங்கத்தின் இடைவெளி நீங்கவில்லை. 2022 ஜூலையில் தங்கத்தின் இறக்குமதி வரி நூற்றுக்கு 15 என்று உயர்ந்தது. மீனம்பாக்கத்துச் சுங்க அதிகாரிகளுக்கு வேலையும் குறைவில்லாமல் இருந்தது. 2024 ஜூலையில் சர்க்கார் அதை ஆறாகக் குறைத்தார்கள். ஆறு சதவிகிதத்துக்காகச் செருப்பைக் கிழிக்கிறவர்கள் சிலர் இருக்கலாம். பதினைந்துக்குக் கிழித்தவர்கள் அத்தனை பேரும் இருக்கமாட்டார்கள்.