லண்டன் சக்கரங்கள் – 9: செயின் உங்கள் பொறுப்பு, ஃபோர்க் கடைக்காரர் பொறுப்பு

2020 ஜூலை 28. சைக்கிள் பழுதுபார்க்க 50 பவுண்ட் வவுச்சர் தருகிறோம் என்று பிரிட்டன் அரசு இணையதளத்தைத் திறந்த இரவு. கூட்டம் தாங்காமல் தளம் படுத்துவிட்டது. முதல் தவணை 50,000 வவுச்சர்களும் சீக்கிரமே தீர்ந்தன. கொரோனாவுக்குப் பயந்து பாதாள ரயிலைத் தவிர்த்த லண்டன்வாசிகள், ஷெட்டில் துருவேறிக் கிடந்த சைக்கிள்களை வெளியே இழுத்த காலம் அது. வவுச்சர் கிடைத்தவர்களுக்கு அடுத்த தலைவலி, கடைகளில் காத்திருப்புப் பட்டியல். பணத்தை அரசு தரும். மெக்கானிக்குக்கு எங்கே போவது?

நம்மூரில் இந்தக் கேள்வியே எழாது. தெருமுனைக் கடையில் விட்டால் முழு சைக்கிளையும் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, பால்ஸ் மாற்றி, கிரீஸ் வைத்து, ரிம்முக்குப் பெண்டும் எடுத்துத் தருவார்கள். ஓவராயிலிங் என்று பெயர். லண்டனில் அதே வேலைக்கு பில்லைப் பார்த்தால் மயக்கம் வரும். ஆனால் அது கொள்ளை அல்ல. 2025 ஏப்ரல் கணக்கில் 21 வயது நிரம்பியவருக்கு சட்டப்படி குறைந்தபட்சக் கூலியே மணிக்கு 12.21 பவுண்ட். தேர்ந்த மெக்கானிக்குக்கு அது போதாது. அதற்கு மேல் கடை வாடகை, வரி.

அப்படியானால் எல்லாவற்றையும் நாமே செய்துகொள்ளலாமா? அதற்கும் இங்கே வழி உண்டு. 2012-ல் ஹாக்னியில் தொடங்கிய 'லண்டன் பைக் கிச்சன்' அந்த எண்ணத்தில் பிறந்ததுதான்: ஸ்டாண்டும் கருவிகளும் அவர்களுடையவை, கை அழுக்காவது உங்களுடையது. பல பரோ கவுன்சில்கள் 'டாக்டர் பைக்' என்று இலவச முகாம்களும் நடத்துகின்றன.

என் கட்சி இதுதான்: அடிக்கடி பார்க்க வேண்டியதை நாம் பார்க்க வேண்டும்; அபூர்வமாகப் பிரிக்க வேண்டியதைக் கடையில் விட வேண்டும். எப்பிங் காட்டின் களிமண்ணில் மழைக்குப் பிறகு ஒரு சுற்று வந்த மவுன்டன் பைக்கின் செயினைத் தொட்டுப் பாருங்கள். எண்ணெயும் மணலும் குழைந்த கறுப்புப் பசை விரலில் ஒட்டும். உப்புத்தாள் போல அது ஒவ்வொரு பின்னையும் அரைக்கும். செயினின் ஒரு பின்னுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி அரை அங்குலம். ஆக 24 இடைவெளி சேர்ந்தால் சரியாக 12 அங்குலம். இரும்பு ஸ்கேலை வைத்து அளக்கும்போது கடைசிப் பின் ஒரு அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு தள்ளி நின்றால், செயின் அரை சதவீதம் தேய்ந்திருக்கிறது என்று பொருள். 11, 12 கியர் வண்டிகளில் அப்போதே மாற்றிவிட வேண்டும். விட்டால் பின்சக்கரத்துப் பற்சக்கர அடுக்கான கேசட்டின் பற்களையும் சேர்த்துத் தின்றுவிடும். கேசட் செயினைவிட விலை அதிகம். வருடத்துக்கு ஒருமுறை வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் இதை எப்படிப் பிடிப்பார்? பிடித்தாலும் அதற்குள் காரியம் கெட்டிருக்கும்.

பஞ்சர், பிரேக் பேட், கியர் கேபிள், பெடல் எல்லாம் வீட்டு வேலைதான். இடது பெடலின் மரை மட்டும் தலைகீழ் என்பதை நினைவில் வைத்தால் போதும்.

முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் சஸ்பென்ஷன் ஃபோர்க் வேறு கதை. ராக்‌ஷாக்ஸ் தன் ஃபோர்க்குகளில் கீழ்க்கால்களைக் கழற்றி எண்ணெய் மாற்றச் சொல்லும் கெடு 50 மணி நேர ஓட்டம். வாரம் இரண்டு மணி நேரம் ஓட்டினால் ஆறு மாதத்தில் வந்துவிடும். பொறுமையுள்ளவர் இதை மேசைமேல் செய்யலாம். ஆனால் உள்ளே இருந்து துள்ளலை அடக்கும் டேம்பரைப் பிரிப்பதற்குத் தனிக் கருவிகள் வேண்டும். வாங்குகிற காசுக்குக் கடையே மேல். ஹைட்ராலிக் பிரேக்கிலும் எச்சரிக்கை: ஷிமானோவுக்கு மினரல் ஆயில், ஸ்ராமின் பெரும்பாலான பிரேக்குகளுக்கு டாட் திரவம். மாற்றி ஊற்றினால் உள்ளிருக்கும் ரப்பர் சீல்கள் கெட்டுவிடும். சர்ரே ஹில்ஸ் இறக்கத்தில்தான் அது தெரியவரும்.

கடையில் விடுவதென்றால் ஜனவரி, பிப்ரவரியில் விடுங்கள். ஏப்ரலில் வெயில் எட்டிப் பார்த்ததும் லண்டன் முழுக்க ஒரே நேரத்தில் சைக்கிள் ஞாபகம் வந்துவிடும்.

(தொடரும்)