பெரிய டயர், ஸ்பேசர்: மாட்டும் முன் இதைப் பாருங்க!

உங்க ஜீப்புக்குப் பெரிய டயரும் ஸ்பேசரும் போட்டால் பார்க்க கம்பீரமாத்தான் இருக்கும். ஆனால், வண்டியில் வேறு என்னவெல்லாம் மாறுது தெரியுமா?

வேகம்: 245/75 ஆர்16 டயருக்குப் பதில் 285/75 ஆர்16 போட்டால், விட்டம் சுமார் 6 செ.மீ. கூடும். மீட்டர் முன்பு போலவே 80 காட்டும். வண்டியோ ஏறக்குறைய 86-ல் போகும்.

ஸ்பேசர்: சக்கரத்துக்கும் ஹப்புக்கும் நடுவே வைக்கும் உலோகத் தட்டு இது. சக்கரம் வெளியே தள்ளத் தள்ள, வீல் பேரிங்கில் பளு ஏறும். நட்டு சரியா முறுகவில்லை என்றால் சக்கரமே கழன்றுவிடலாம்.

சட்டம்: தயாரிப்பாளர் குறிப்பிட்ட, ஆர்.சி.யில் பதிவான விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடை விதிக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019-ல் இதை உறுதி செய்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம்.

என்ன செய்யலாம்?
• உங்க வண்டிக்கான டயர் அளவை டிரைவர் பக்கக் கதவு ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ பாருங்க.
• ஆர்.சி. விவரத்தை எம்பரிவாஹன் செயலியில் சரிபாருங்க.
• சந்தேகம் இருந்தால், டயர் வாங்கும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும், காப்பீட்டு நிறுவனத்திடமும் கேட்டுக்கோங்க.