கோச் சொன்னால் பையன்கள் கேட்பார்கள்

"என்னடா, பொம்பள மாதிரி பந்து போடுற?" பள்ளி மைதானங்களில் சர்வசாதாரணமாகக் காதில் விழும் வசவு இது. வடக்கே போனால் "வளையல் போட்டுக்கொள்" என்பார்கள். சொல்கிற பயிற்சியாளர் கெட்டவர் அல்ல. பையனுக்கு ரோஷம் வரட்டும் என்றுதான் சொல்கிறார். ஆனால் கூட நிற்கும் பையன்கள் அத்தனை பேரும் அதிலிருந்து ஒன்றைக் கற்றுக்கொள்கிறார்கள்: பெண் என்றால் மட்டம், பெண்ணைப் போல் இருந்துவிடக் கூடாது.

பெண்கள் மீதான வன்முறையைத் தடுப்பதில் ஆண்களுக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு இந்த மைதானத்திலிருந்தே பதில் சொல்லலாம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் ஏறத்தாழ 38 விழுக்காட்டினர் கணவனின் வன்முறைக்கு ஆளானவர்கள். நாட்டின் சராசரி 29 விழுக்காடு. படிப்பிலும் வேலையிலும் முன்னே நிற்கிற மாநிலத்தில் இந்த நிலை. சட்டம், காவல் நிலையம், காப்பகம் எல்லாம் மிக மிகத் தேவை. ஆனால் பெரும்பாலும் அடி விழுந்த பிறகே அவை வந்து சேர்கின்றன. அடி விழாமல் இருக்க வேண்டுமென்றால் அடிக்கிறவனிடமும், அவனைச் சுற்றி நின்று பார்க்கிறவர்களிடமும் பேசியாக வேண்டும். பார்க்கிறவர்கள்தான் அதிகம். கை ஓங்காத ஆண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் நண்பன் தன் மனைவியைக் கேவலமாகப் பேசும்போது சிரித்து வைக்கிறார்கள். பக்கத்து வீட்டில் சத்தம் கேட்டால் "அது அவங்க குடும்ப விஷயம்" என்று டிவியின் ஒலியைக் கூட்டுகிறார்கள். அந்தச் சிரிப்பையும் மௌனத்தையும் அடிக்கிறவன் தனக்குக் கிடைத்த சம்மதமாக எடுத்துக்கொள்கிறான்.

இதைப் பையன்களிடம் யார் சொல்வது? மேடையில் ஏறி அறிவுரை சொல்பவர் பேச்சு எடுபடாது. அமெரிக்காவில் ஒரு பெண்கள் பாதுகாப்பு அமைப்பு, இந்த வேலைக்கு விளையாட்டுப் பயிற்சியாளர்களைத் தேர்ந்தெடுத்தது. அப்பா சொல்லைத் தட்டுகிற பையனும் கோச் சொல்லைத் தட்டமாட்டான், அணியில் இடம் போய்விடும். திட்டத்தின் பெயர் 'கோச்சிங் பாய்ஸ் இன்டு மென்'. பயிற்சியாளர் கையில் ஒரு கட்டு அட்டைகள் கொடுத்துவிடுவார்கள். வாரத்தில் ஒருநாள், பயிற்சிக்கு முன்போ பின்போ, பத்துப் பதினைந்து நிமிடம் ஒரு தலைப்பைப் பற்றிப் பேச வேண்டும். பெண்களை இழிவாகப் பேசுவது ஒரு வாரம். பெண்ணின் சம்மதம் என்றால் என்ன என்பது ஒரு வாரம். போனில் ஓயாமல் வேவு பார்ப்பது, மிரட்டுவது, "நான் அவளோடு..." என்று பீற்றிக்கொள்வது என்று ஒவ்வொரு வாரமும் ஒன்று. தேர்வு கிடையாது, நோட்டு கிடையாது, புல்தரையில் உட்கார்ந்து பேசுவதுதான்.

கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோ பகுதியில் 16 உயர்நிலைப் பள்ளிகளில் இதைச் சோதித்தார்கள். சில பள்ளிகளில் திட்டம் நடந்தது, சிலவற்றில் வழக்கமான பயிற்சி மட்டும். விளையாட்டுப் பருவம் முடிந்த கையோடு கேட்டபோது, திட்டம் நடந்த பள்ளிகளின் பையன்களிடம் தலையிட வேண்டும் என்ற எண்ணம் கூடியிருந்தது, தப்பு கண்ணெதிரே நடந்தால் தலையிடவும் செய்தார்கள். ஆனால் அவர்களே தோழிகளிடம் நடந்துகொள்ளும் விதத்தில் பெரிய மாற்றம் தெரியவில்லை. ஓராண்டு கழித்துப் போய்க் கேட்டபோதுதான் வன்முறை குறைந்திருந்தது. இந்தத் தாமதம் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. மூன்று மாதத்தில் கணக்குப் பார்த்து "ஒன்றும் பயனில்லை" என்று நிதியை நிறுத்தியிருந்தால், பலன் வருவதற்குள் திட்டம் போயிருக்கும். மகளிர் தினத்தன்று ஒரு கருத்தரங்கு, ஓர் உறுதிமொழி, ஒரு குழுப்படம் என்று முடிக்கிற நம் கல்லூரிகளும் இதைக் கவனிக்க வேண்டும்.

இதே திட்டம் 'பரிவர்த்தன்' என்ற பெயரில் மும்பைக்கு வந்தது. ஐ.சி.ஆர்.டபிள்யூ. என்ற ஆய்வு நிறுவனம் பள்ளிக் கிரிக்கெட் பயிற்சியாளர்களையும், கோவண்டியின் சிவாஜி நகர் குடிசைப் பகுதி இளைஞர்களையும் இதற்குப் பயிற்றுவித்தது. முதலில் பயிற்சியாளர்களோடுதான் பேச வேண்டியிருந்தது. வளையல் வசவு யார் வாயில் வருகிறதோ, அவர் தன்னைத் திருத்திக்கொள்ளாமல் பையனிடம் எதைச் சொல்ல முடியும்? மும்பை ஆய்வில் பையன்களின் பார்வை நன்றாகவே மாறியிருந்தது. நடத்தையில் மாற்றம் அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை. பார்வை முதலில் மாறி, நடத்தை பின்னால் வரக்கூடும்.

தலையிடுவது என்றால் சட்டையைப் பிடித்துச் சண்டை போடுவது இல்லை. 2008இல் 'பிரேக்த்ரூ' அமைப்பு தொடங்கிய 'பெல் பஜாவோ' (மணியை அடி) விளம்பரங்கள் இதை அழகாகக் காட்டின. தெருவில் கிரிக்கெட் ஆடும் பையன்களுக்கு ஒரு வீட்டிலிருந்து பெண்ணின் அலறல் கேட்கிறது. ஒருவன் போய் அழைப்பு மணியை அழுத்துகிறான். கதவைத் திறக்கும் ஆளிடம் பந்து கேட்கிறான். பந்து ஒரு சாக்கு. "வெளியே காது இருக்கிறது" என்பது உள்ளே இருப்பவனுக்குப் புரிந்துவிடுகிறது. இப்படிப் பேச்சைத் திசைதிருப்பலாம், தனியாகப் போகப் பயமென்றால் இன்னும் இருவரைக் கூட்டிப் போகலாம், நண்பனிடம் மறுநாள் தனியே பேசலாம். அந்தப் பெண்ணிடம் "என்ன செய்தால் உங்களுக்கு உதவியாக இருக்கும்?" என்று கேட்பதை மட்டும் விட்டுவிடக் கூடாது. நாம் வீரம் காட்டிவிட்டு வந்த பிறகு அந்த வீட்டில் இரவைக் கழிக்கப் போகிறவர் அவர்.

வளர்ந்த ஆண்களை மாற்ற முடியாது என்று சலித்துக்கொள்பவர்களுக்கு ருவாண்டாவின் 'பண்டெபெரெஹோ' திட்டத்தைச் சொல்வேன். அப்பாவாகப் போகிறவர்களும் சின்னக் குழந்தைகளின் அப்பாக்களும் 15 முறை கூடினார்கள். சில கூட்டங்களுக்கு மனைவியரும் வந்தார்கள். கூட்டத்தை நடத்தியதும் அதே ஊர் அப்பாக்கள்தான். கர்ப்பகாலம், குழந்தை பராமரிப்பு, வீட்டுச் செலவை இருவரும் பேசி முடிவெடுப்பது, கோபம் வந்தால் என்ன செய்வது என்று பேச்சு போனது. வன்முறையைப் பற்றி மட்டும் பேசக் கூப்பிட்டிருந்தால் எத்தனை பேர் வந்திருப்பார்கள்? நல்ல அப்பாவாக இருக்க வேண்டும் என்ற ஆசைதான் அவர்களை உட்கார வைத்தது என்று நினைக்கிறேன். திட்டம் தொடங்கி 21 மாதங்களுக்குப் பிறகு, முந்தைய ஓராண்டில் கணவன் அடித்ததாகச் சொன்ன பெண்கள், திட்டத்தில் சேராத குடும்பங்களில் 57 விழுக்காடு; சேர்ந்தவற்றில் 33.

"திருந்திவிட்டேன்" என்று ஆண் சொல்வதை அளவாக எடுத்துக்கொள்ளாமல் மனைவியிடம் கேட்டார்கள் பாருங்கள், அதுதான் சரியான முறை. அந்த 33 விழுக்காட்டையும் மறக்க முடியாது. எத்தனை நல்ல திட்டம் நடந்தாலும் அவர்களைப் போன்றவர்களுக்குக் காப்பகமும் வழக்கறிஞரும் வேண்டும். ஆகவே ஆண்களுக்கான வகுப்புகளுக்கு ஒதுக்கும் பணம் பெண்களுக்கான உதவி மையங்களின் பங்கிலிருந்து எடுத்ததாக இருக்கக் கூடாது. பையன்களுக்குச் சொல்லித்தரும் பயிற்சியாளரின் அட்டையிலும் 181 என்ற பெண்கள் உதவி எண் அச்சிட்டிருக்க வேண்டும். எந்தப் பையன் தன் அம்மாவுக்காக அதைக் குறித்துக்கொள்வான் என்று அவருக்குத் தெரியாது.