காற்றோடு மல்லுக்கு நிற்கலாமா?

சோளகம் வீசும் காலத்திற் பண்ணைப் பாலத்தின் வழியே தீவுப் பக்கம் துவிச்சக்கரவண்டியிற் சென்றவர்கள் ஓர் உண்மையை அறிவார்கள். மலையே இல்லாத யாழ்ப்பாணத்திலும் மலையேற்றம் உண்டு. அது காற்றின் வடிவில் எதிரே வந்து நிற்கும்.

வேலணையிலிருந்து வரும் என் மாணவன் ஒருவன் கியர் பூட்டிய புதிய வண்டி வாங்கினான். சில வாரங்களில் முழங்கால் நோவுடன் வந்தான். மாலையில் வீடு சேர்ந்ததும் களைப்பு மேலிட, படிக்க முடியவில்லையாம்.

"வண்டியில் ஏதும் பிழையோ, சேர்?"

"எந்தக் கியரில் ஓடுகிறாய், தம்பி?"

"எப்போதும் மிகப் பாரமானதில்தான். அதுதானே வேகம்!"

பிழை வண்டியில் இல்லை, கணக்கில் இருந்தது. அவனுடைய வண்டியின் முன் பற்சக்கரத்தில் 44 பற்கள். பின்னே மிகச் சிறியதில் 14, மிகப் பெரியதில் 28. சில்லின் சுற்றளவு ஏறத்தாழ 2.1 மீற்றர். சங்கிலி சிறியதில் இருந்தால், மிதிகட்டை ஒரு முறை சுழல வண்டி 6.6 மீற்றர் ஓடும். பெரியதில் இருந்தால் 3.3 மீற்றரே ஓடும். தூரம் பாதியானால், அதே எதிர்ப்பை வெல்லக் கால் கொடுக்கவேண்டிய விசையும் பாதியாகும். கியர் நமக்குப் புதிய பலம் தருவதில்லை. உள்ள பலத்தைச் செலவிடும் வகையையே மாற்றுகிறது.

ஆகவே மாறாதிருக்க வேண்டியது கியரன்று, காலின் தாளம். நிமிடத்துக்கு அறுபது முதல் எண்பது சுற்று பலருக்கும் இசைவானது. சமதரையிலும் பின்காற்றிலும் பாரமான கியர் நன்று. எதிர்காற்றிலும் ஏற்றத்திலும் இலேசானதே தகும். ஏற்றத்தில் அகப்பட்டுத் திணறிய பின்னர் மாற்றுதல் கூடாது. அழுத்தம் மிகுந்த சங்கிலி வழுவக்கூடும். ஏற்றம் தொடங்குமுன்னே, மிதியை மெல்லச் சுழற்றியபடி மாற்றுக. வண்டியை நிறுத்துமுன்னும் இலேசான கியருக்கு வந்துவிட்டால், மறுபடி புறப்படுவது எளிது.

இலேசான கியர் பலவீனர்க்கு உரியது என்ற வீம்பு புதிதன்று. புகழ்பெற்ற பிரான்சுச் சுற்றோட்டப் போட்டியில், சங்கிலியைப் பல்லுக்குப் பல் மாற்றும் பொறி எல்லா வீரர்க்கும் அனுமதிக்கப்பட்டது 1937 ஆம் ஆண்டிலேதான். இன்று அஃதின்றி மலையேறும் வீரர் அங்கு எவருமிலர்.

என் மாணவன் இப்போது பாலத்தடியிலேயே கியரை மாற்றிக்கொள்கிறான். வீடு சேரச் சில நிமிடங்கள் பிந்துகிறதாம். ஆனால், இரவிற் புத்தகத்தை விரிக்க அவனிடம் பலம் மிஞ்சியிருக்கிறது.