சீட்டில் இல்லாத பெயர்: மக்ஸ்வெல் டேவிஸின் இசைப்பணி பற்றிய ஒரு குறிப்பு

இசைத்தட்டு வரலாற்றில் தயாரிப்பாளர் என்ற தகுதி பிற்பட்டே தோன்றியது. 1940களின் அமெரிக்கத் தட்டொன்றின் நடுவே ஒட்டப்பட்ட சீட்டிலே பாடகர், பாடலாசிரியர், கம்பனி ஆகியோரின் பெயர்களைக் காணலாம். வாத்தியகாரரைத் தெரிந்தெடுத்தவர், அவர்களுக்குரிய பகுதிகளை எழுதியவர், அனுபவமற்ற பாடகரை ஒலிவாங்கியின் முன்னே நெறிப்படுத்தியவர் யாரென அச்சீட்டு கூறுவதில்லை. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் இவை யாவற்றையும் ஏறத்தாழ இருபதாண்டுகள் செய்தவர் சக்சபோன் கலைஞரான மக்ஸ்வெல் டேவிஸ். அவரது பெயர் மறைந்து நின்றமை தற்செயலானதன்று.

டேவிஸ் 1916இல் கன்சாஸ் மாநிலத்தில் பிறந்த கறுப்பினத்தவர். 1937இல் லொஸ் ஏஞ்சல்ஸ் சென்ற அவர் பிளெச்சர் ஹென்டர்சனின் வாத்தியக் குழுவில் வாசித்தார். ஸ்விங் இசையின் அமைப்பை உருவாக்கியவர்களுள் ஹென்டர்சன் முதன்மையானவர். ஊதுகுழற் பிரிவும் சக்சபோன் பிரிவும் ஒன்றுக்கொன்று விடை கூறுவதும், இடையிலே தனிக் கலைஞரொருவர் எழுந்து வாசிப்பதும் அவ்வமைப்பின் சாரம். டேவிஸ் பின்னர் ஒலிப்பதிவுக் கூடத்துக்குக் கொண்டுசென்ற முதல் இதுவே.

இரண்டாம் உலகப்போர் இவ்விசையின் பொருளாதார அடித்தளத்தையே மாற்றியது. கப்பற்றளங்களும் விமானத் தொழிற்சாலைகளும் தென்மாநிலக் கறுப்பினத் தொழிலாளரை ஈர்த்தன. 1940இல் ஏறத்தாழ 64,000 ஆக இருந்த நகரின் கறுப்பின மக்கள்தொகை 1950இல் 171,000ஐத் தாண்டியது. புதிய கேட்போர் தோன்றினர். பெருங்கம்பனிகளோ அவர்களைப் பொருட்படுத்தவில்லை. அவ்விடைவெளியிலே 1945இல் மெஸ்னர் சகோதரரின் அலடின், பிஹாரி சகோதரரின் மொடேர்ன் போன்ற சிறு கம்பனிகள் எழுந்தன. பதினைந்து பேர் கொண்ட குழுவைப் பேணுதல் இயலாததாகவே, ஏழெட்டுப் பேர் கொண்ட குழுக்கள் அதனிடத்தைப் பெற்றன.

இச்சுருக்கத்தைக் கலையாக்கியதே டேவிஸின் சாதனை எனலாம். தொழிற்சங்க விதிப்படி ஓர் ஒலிப்பதிவு அமர்வு மூன்று மணிநேரம். அதற்குள் நான்கு பாடல்கள் முடியவேண்டும். இரண்டு மூன்று குழல்களைக் கொண்டு ஒரு முழுப் பிரிவின் கனத்தை உண்டாக்கவும், பாடலடிகளின் இடைவெளிகளை அவற்றால் நிரப்பவும் அவர் அறிந்திருந்தார். ஏமொஸ் மில்பர்னின் ‘சிக்கன் ஷக் பூகி’ (1948), பேர்சி மேஃபீல்டின் ‘பிளீஸ் சென்ட் மீ சம்வன் டு லவ்’ (1950), பெப்பர்மின்ற் ஹரிஸின் ‘ஐ கொட் லோடெட்’ (1951) ஆகியன றிதம் அன்ட் புளூஸ் வரிசையில் முதலிடம் பெற்றவை. மூன்றிலும் அவர் பங்குண்டு. அக்காலச் சக்சபோன் கலைஞர் பலர் அலறலையே ஆற்றலாகக் கருதினர். டேவிஸின் வாசிப்பு அவ்வாறன்று. பாடகருக்கு இடம்விட்டு நிற்பது. வாசிப்பவருள்ளே தயாரிப்பாளர் விழித்திருந்தார் என்றே நமக்குத் தோன்றுகிறது.

1950களில் மொடேர்ன் கம்பனிக்காகப் பணியாற்றிய டேவிஸ், பி. பி. கிங்கின் ‘எவ்ரி டே ஐ ஹாவ் த புளூஸ்’ (1955) பாடலுக்கு வாத்திய ஒழுங்கமைப்புச் செய்தார். கிங்கைப் பெருங்குழுவின் பின்னணியோடு இணைத்த பாணிக்கு அது நல்ல எடுத்துக்காட்டு. ஆனால், பாடலாசிரியருக்கு உரிமைத்தொகை உண்டு. ஒழுங்கமைத்தவருக்குப் பெரும்பாலும் ஒருமுறைக் கூலியே. அதே கம்பனியின் தட்டுகளில் ‘ஜூல்ஸ் டோப்’ என்றொரு பாடலாசிரியர் அடிக்கடி தோன்றுகிறார். அது உரிமையாளர் ஜூல்ஸ் பிஹாரியின் புனைபெயர். இயற்றாத முதலாளிக்குக் கற்பனைப் பெயரேனும் இருந்தது. இசையை உருவாக்கியவருக்கு அதுவும் இல்லை.

இதனை வெறும் சுரண்டற் கதையாகக் குறுக்குதலும் சரியன்று. ‘பாட் பாட் விஸ்கி’ பாடலின் ஆசிரியராக டேவிஸின் பெயர் பதிவாகியது. சில தட்டுகளில் குழுத்தலைவராகவும் அவர் குறிக்கப்பட்டார். மேலும், 1953 வரை லொஸ் ஏஞ்சல்ஸ் இசைஞரின் தொழிற்சங்கமே நிற அடிப்படையில் இரண்டாகப் பிரிந்திருந்தது. திரைப்படக் கூடங்களின் நிலையான வேலைகள் வெள்ளையருக்கே கிடைத்தன. அந்நிலையில் சிறு கம்பனிகளின் தொடர்ச்சியான வேலை அற்பமானதன்று. அவ்வட்டாரத்திலே இளைஞராகத் தொழில் தொடங்கிய மைக் ஸ்ரோலர், அலடின், மொடேர்ன் முதலிய கம்பனிகளின் அமர்வுகளை உண்மையில் தயாரித்தவர் டேவிஸே எனப் பின்னர் கூறியுள்ளார். ஸ்ரோலரின் தலைமுறைக்குத்தான் தயாரிப்பாளர் என்ற பெயரும் அதற்குரிய ஒப்பந்தமும் வாய்த்தன.

1960ஐ அண்டிய ஆண்டுகளில், பிஹாரி சகோதரரின் மலிவுவிலைப் பிரிவான கிரவுண், எலிங்டன், பேஸி முதலியோருக்கான அஞ்சலித் தட்டுகளை வெளியிட்டது. அவர்களது குழுக்களில் முன்னர் வாசித்தோரைத் திரட்டி நெறிப்படுத்தியவர் டேவிஸ். ஸ்விங் காலத்தின் முழு வாத்தியக் குழு மீண்டும் அவர் கைக்கு வந்தது, மிகக் குறைந்த விலைக்கு விற்கப்பட்ட தட்டுகளின் வழியாக. அவர் 1970 செப்டெம்பரில் தமது 54ஆம் வயதில் லொஸ் ஏஞ்சல்ஸில் காலமானார்.