கிரேவ்லியின் இரு சக்கரக் கலப்பை

யந்திரத்தை விலை கொடுத்து வாங்கியவன் அதற்கு எஜமானனா, அல்லது அதைச் செய்து விற்றவனே என்றென்றைக்கும் எஜமானனா என்ற கேள்வி அமெரிக்க விவசாயிகளிடையே சில ஆண்டுகளாகப் பெருங் கிளர்ச்சியை உண்டாக்கியிருக்கிறது. இக்காலத்து டிராக்டர்களில் எலெக்ட்ரானிக் மூளை புகுந்துவிட்டது. பழுது இன்னதென்று அறிவதற்கே கம்பெனியாரின் ஸாப்ட்வேர் வேண்டியிருக்கிறது. அறுவடைக் காலத்தில் யந்திரம் நின்று போனால், வயலுக்குச் சொந்தக்காரன் கம்பெனி ஏஜெண்டின் வருகையை எதிர்நோக்கிக் கை கட்டி நிற்க நேரிடுகிறது. இந்நிலையைப் பொறாது கொலராடோ ராஜ்யத்தார் 2023-ல் விவசாயக் கருவிகளைத் தாமே செப்பனிட்டுக்கொள்ளும் உரிமையைச் சட்டமாக்கினர். 2025 ஜனவரியில் அந்நாட்டு பெடரல் டிரேட் கமிஷன், இல்லினாய், மின்னஸோட்டா ராஜ்யங்களோடு கூடி, இதே விஷயமாக டீர் கம்பெனியின்மீது வழக்குத் தொடுத்தது.

அவ்வழக்கின் நியாய அநியாயங்களை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. இத்தகைய தகராறுக்கு இடமே கொடாத ஒரு பழைய யந்திரம் அதே அமெரிக்காவில் அநேகருடைய கொட்டகைகளில் இன்றும் உயிருடன் இருக்கிறது. அதைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தோம். பின்னால் நடந்து சென்று கைப்பிடியால் ஓட்டும் டிராக்டர் அது. அவ்வினத்தைச் சேர்ந்ததை நம் நாட்டார் பவர் டில்லர் என்பர். இலங்கைத் தமிழரோ எந்தக் கம்பெனியார் செய்ததாயினும் லாண்ட்மாஸ்டர் என்றே வழங்குவர்.

மேற்கு வர்ஜீனியாவில் பெஞ்சமின் பிராங்க்லின் கிரேவ்லி என்றொருவர் இருந்தார். அவர் தொழில் புகைப்படம் எடுப்பது. தமது தோட்டத்தைக் கையால் கொத்திச் சலித்துப்போன அவர், தள்ளு கலப்பை ஒன்றில் பழைய மோட்டார் சைக்கிளின் உறுப்புகளைப் பூட்டி ஓட்டிப் பார்த்தார். அந்த மோட்டார் சைக்கிளின் பெயர் ‘இந்தியன்’. (பெயரைக் கண்டு நம்மவர் பெருமை கொள்ள வேண்டாம், அதுவும் அமெரிக்கச் சரக்கே.) 1916-ல் அதற்குப் பேடெண்டு உரிமை பெற்றார். 1922-ல் டன்பார் என்னும் ஊரில் தொழிற்சாலை ஏற்பட்டது. முதலில் வந்தது ஒற்றைச் சக்கர யந்திரம். பின்னர் 1930-களில் ‘எல்’ மாதிரி என்ற இரு சக்கர டிராக்டர் வந்தது. அதுவே பல்லாண்டுகள் பேர் பெற்று விளங்கியது. கிரேவ்லி 1953-ல் காலமானார். கம்பெனி 1960-ல் ஸ்டூட்பேக்கர் பாக்கார்டு கைக்கும், 1982-ல் ஏரியன்ஸ் கைக்கும் மாறி, நடந்து ஓட்டும் டிராக்டர் செய்வது பிற்பாடு அடியோடு நின்றுபோயிற்று.

செய்தவன் கைவிட்ட பின்னும் யந்திரம் சாகவில்லை. இதற்குக் காரணம் அதன் அமைப்பிலேயே இருக்கிறது. ஒரே சிலிண்டர், காற்றினால் குளிர்வது. பாட்டரி கிடையாது, தீப்பொறியை மாக்னெட்டோவே உண்டாக்கும். எஞ்சினின் சக்தி தோல்வாரின் வழியாகச் செல்லாமல் பற்சக்கரங்களின் வழியாகவே சக்கரத்திற்குச் செல்கிறது. நெம்புகோல் ஒன்றைத் தள்ளினால் முன்னே போகும். இழுத்தால் பின்னே வரும். முன்புறத்தில் புல் வெட்டும் கருவியையோ, உழுபடையையோ, பனி வாரும் கருவியையோ மாட்டிக்கொள்ளலாம். இவற்றில் திருகாணியைக் கழற்றத் தெரிந்தவன் பார்க்கக்கூடாத ரகசியம் ஒன்றுமில்லை.

இனி, இருபது முப்பது வருஷம் கொட்டகை மூலையில் கிடந்த ஒன்றை எழுப்பும் வழியைப் பார்ப்போம். ஆவேசத்தோடு கயிற்றைச் சுற்றி இழுப்பவன் முதல் நாளிலேயே யந்திரத்தைக் கெடுத்துவிடுவான். பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர் சுவரோடு துருவேறி ஒட்டியிருக்கக் கூடும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அத்துவாரத்தின் வழியே துரு இளக்கும் எண்ணெயை ஊற்றிச் சில நாள் விட்டுவிட வேண்டும். அதன் பின் பறக்கும் சக்கரத்தை இப்புறமும் அப்புறமும் சிறிது சிறிதாக அசைத்துப் பார்க்கலாம். சம்மட்டியால் அடிப்பது மூடத்தனம். வார்ப்பிரும்பு வளையாது, உடையும். உடைந்ததை ஒட்டுவதும் எளிதன்று. நன்றாகச் சூடேற்றி, தக்க கம்பி கொண்டு, மெல்ல ஆறவிடத் தெரிந்த கொல்லனிடமே அது போக வேண்டும்.

எஞ்சின் சுழல ஆரம்பித்ததும் காற்றுத் தகடுகளைத் திறந்து பார்ப்பது அவசியம். பழைய புல்லும் எலிக்கூடும் அங்கே நிறைந்திருப்பது சர்வ சாதாரணம். அதை அறியாமல் ஓட்டினால் குளிர்ந்த காற்று செல்ல வழியின்றிச் சிலிண்டர் வெந்துபோகும். பிறகு மாக்னெட்டோ. தீப்பொறி வராவிடில் உடனே காயிலைக் குறை கூறுவர் பலர். பெரும்பாலும் குற்றம் தொடுமுனைகளில் படிந்த பாசியே. மெல்லிய தாளால் துடைத்து, கையேட்டில் கண்ட இடைவெளியை வைத்தாலே பல யந்திரங்கள் பொறி கக்கும். அதற்கும் மசியாவிடில் கண்டென்ஸரையும், அதன் பின்னரே காயிலையும் சோதிக்க வேண்டும்.

கார்புரேட்டரின் வியாதி வேறு விதமானது. உள்ளே தங்கிய பெட்ரோல் நாளடைவில் காய்ந்து வார்னிஷ் போல் ஒட்டிக்கொள்ளும். நுண்ணிய துவாரங்களை இரும்புக் கம்பியால் குத்திப் பெரிதாக்கிவிட்டால், எரிபொருள் அளவு தவறி, எஞ்சின் ஒரு நாளும் ஒழுங்காக ஓடாது. கரைப்பானில் ஊறவைத்துக் காற்றடிப்பதே முறை. மற்றொரு தொல்லை நம் காலத்தில் புதிதாக வந்தது. அமெரிக்கப் பெட்ரோலில் பொதுவாக 10 சதவிகிதம் வரையில் எத்தனால் கலக்கிறார்கள். இந்தியாவிலோ 2025-ல் அது 20 சதவிகிதத்தை எட்டியது. அக்காலத்துக் கார்புரேட்டர்கள் சிலவற்றின் மிதவை, அரக்கு பூசிய தக்கையாலானது. எத்தனால் அரக்கைக் கரைக்கும், தக்கை ஊறி மூழ்கும், பெட்ரோல் வழிந்தோடும். பழைய ரப்பர்க் குழாய்களும் இளகிப் போகும். ஆதலின் எத்தனால் கலவாத பெட்ரோல் கிடைக்குமிடத்தில் அதையே தேடி வாங்குவோர் பலர்.

எண்ணெயை வடிக்கும்போது அதைக் கீழே கொட்டிவிடாமல் ஒரு வெள்ளைத் தட்டில் ஏந்திப் பார்ப்பவனே உண்மையான ரிப்பேர்க்காரன். பொன்னிறப் பொடி மின்னினால் எங்கோ வெண்கலத்தாலான உறுப்பு தேய்கிறது. இரும்புத் துணுக்குகள் கிடந்தால் பற்சக்கரத்தின் பல் உதிர்ந்திருக்கிறது. பால் போன்றிருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. அடியில் படிந்த சேற்றை வழித்து அகற்றிய பின்னரே இக்காலத்து எண்ணெயை ஊற்ற வேண்டும். இல்லையேல் புதிய எண்ணெய் பழைய அழுக்கையெல்லாம் கிளப்பி ஓட்டங்களை அடைத்துவிடும்.

சாயம் பூசுவதைப் பற்றி நமக்குள்ள அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறோம். பளபளப்பாகப் பூசிக் கண்காட்சியில் நிறுத்துவதற்காகவே சிலர் இவற்றைச் செப்பனிடுகிறார்கள். அது அவரவர் இஷ்டம். ஆனால் உழுவதற்குச் செய்த யந்திரத்தை உழவிடாமல் கட்டிவைப்பது பசுவை அலங்கரித்துப் பால் கறவாமல் விடுவது போலத்தான். பூச விரும்புவோர் ஒன்றை மறக்கலாகாது. அக்காலத்துச் சாயங்களில் ஈயம் கலந்திருந்தது. வீட்டுச் சாயத்தில் அதை அமெரிக்க அரசாங்கம் 1978-ல் தடுத்தது. பழைய பூச்சை உலர்ந்தபடியே தேய்த்தால் ஈயத்தூள் காற்றிற் பரவும். அது குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும். நனைத்துத் தேய்த்து, தூளைத் துடைத்தெடுத்து, மக்கள் விளையாடாத இடத்தில் இவ்வேலையைச் செய்தல் வேண்டும்.

அபாயம் சாயத்தோடு நிற்கவில்லை. கையை எடுத்தவுடன் தானே நிற்கும் ஏற்பாடு பழைய யந்திரங்களில் அநேகமாக இல்லை. கட்டையில் இடித்தால் உழுபடை முன்னே பாய்ந்து ஓட்டுபவனை இழுத்துச் செல்லும். சுவரை முதுகுக்குப் பின் வைத்துக்கொண்டு பின்னோக்கி ஓட்டினவர்கள் நசுங்கியதுண்டு. கிளப்பும் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்வதும் ஆகாது. எஞ்சின் எதிர்த்து உதைத்தால் விரல் தப்பாது. தீப்பொறியை அணைக்கும் ஸ்விட்ச் ஒன்றைக் கைப்பிடியருகில் அமைத்துக்கொள்வதற்குச் செலவு மிகச் சொற்பம். பழமையைக் கெடுப்பதாகும் என்று சிலர் இதை மறுக்கிறார்கள். உயிரைக் காட்டிலும் பழமை பெரிதென்று நாம் கருதவில்லை.

ஓடத் தொடங்கியபின் பராமரிப்பில் சிக்கலில்லை. எண்ணெயின் அளவை நாள்தோறும் பார்ப்பதும், காற்று வடிகட்டியைச் சுத்தம் செய்வதும், அதிர்ச்சியால் இளகும் மரைகளை முடுக்குவதும் வழக்கமாகிவிட வேண்டும். டயருக்குள் பாரத்திற்காகக் கால்ஸியம் குளோரைடு நீர் அடைத்திருந்தால் இரும்பு வளையத்தை அது அரித்துவிடும், வடித்துவிடுவதே நல்லது. வேலை முடிந்து நெடுநாள் நிறுத்துவதாயின், பெட்ரோல் குழாயை மூடி, கார்புரேட்டர் வறண்டு எஞ்சின் தானே நிற்கும்வரை ஓடவிட வேண்டும்.

உறுப்புகள் கிடைப்பதெப்படி என்று கேட்கலாம். சிலவற்றைத் தனிப்பட்ட வியாபாரிகள் புதிதாகச் செய்து விற்கிறார்கள். புஷ், கீல் போன்றவற்றைப் பட்டறையில் கடைந்துகொள்ளலாம். வார்ப்பு உறுப்புகளுக்கு மட்டும் வேறு வழியில்லை. ஆகவே அனுபவசாலிகள் ஓடாத இரண்டாவது டிராக்டர் ஒன்றை மலிவாகக் கண்டால் வாங்கிக் கொட்டகைக்குள் போட்டுவைக்கிறார்கள்.