மதுத் திராட்சை இனங்களும் அவை விளையும் நிலங்களும்

நுவரெலியாவின் குளிரை உணர்ந்தோர் பலர், "இஃது ஐரோப்பாவின் காலநிலை அன்றோ? ஐரோப்பியத் திராட்சை இங்கு விளையாதா?" என்று வினவுவதுண்டு. வினா நியாயமானதே. உருளைக்கிழங்கு, லீக்ஸ், கரட், ஸ்ரோபெரி முதலிய குளிர்நாட்டுப் பயிர்கள் இம்மலைகளில் செழித்து வளர்கின்றன. ஆனால் லயத்து வீட்டுத்தோட்டத்தில் நட்ட திராட்சைக் கொடியோ, இரண்டு மூன்று ஆண்டுகள் தண்ணீரும் எருவும் பெற்றுப் பந்தல் முழுதும் படர்ந்தும், பெரும்பாலும் பழம் தராது ஏமாற்றிவிடுகின்றது. இதற்குக் காரணம் வளர்ப்போரின் கவனக்குறைவு அன்று. எவ்வினம் எந்நிலத்தில், எவ்வகை வானத்தின் கீழ் விளைகின்றது என்பதை அறிந்தால் காரணம் தானே விளங்கும்.

இனம் என்பது யாது?

உலகின் மதுத் திராட்சைகள் பெரும்பாலும் விட்டிஸ் வினிபெரா என்னும் ஒரே சாதியைச் சேர்ந்தவை. கோக்கேசிய மலைகளின் தென்புறத்தில், இன்றைய ஜோர்ஜியா நாட்டில், ஏறத்தாழ 8,000 ஆண்டுகளுக்கு முன்னரே திராட்சை மது வடிக்கப்பட்டமைக்குச் சான்றுகள் கிடைத்துள்ளன. உண்பதற்கான திராட்சை பருத்து, மெல்லிய தோலுடையதாயிருக்கும். மதுத் திராட்சையோ சிறியது. தடித்த தோலும் மிகுந்த சருக்கரையும் உடையது. பெரும்பாலான கருந்திராட்சைகளின் சாறும் நிறமற்றதே. தோலுடன் சேர்த்துப் புளிக்க வைத்தால் செம்மதுவும், சாற்றை முதலில் பிழிந்து தனியே புளிக்க வைத்தால் வெண்மதுவும் கிடைக்கும்.

ஓர் இனத்தின் குணம் மாறாதிருக்க, அதனை விதையால் அன்றித் தண்டுத் துண்டுகளாலேயே பெருக்குவர். தோட்டங்களில் வீ. பி. தேயிலை பெருக்கப்படுவதும் இம்முறையிலேயே ஆகும்.

செம்மது இனங்கள்

கபர்னே சோவிஞோன்: பிரான்சின் போர்தோ வட்டாரத்துக்கு உரியது. கபர்னே பிராங், சோவிஞோன் பிளாங் ஆகிய இரண்டும் இயற்கையாகக் கலந்து பிறந்த இனம் இதுவென 1997 ஆம் ஆண்டில் கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர் மரபணுச் சோதனையால் நிறுவினர். பிந்திப் பழுக்கும் இயல்புடையதாதலால் நீண்ட வெயிற்காலம் வேண்டும். கலிபோர்னியா, சிலி, அவுஸ்திரேலியா ஆகிய இடங்களிலும் பெருமளவில் பயிராகின்றது.

மெர்லோ: இதுவும் போர்தோ இனமே. முந்திப் பழுக்கும்.

பினோ நுவார்: பிரான்சின் பர்கண்டி வட்டாரத்தின் குளிர்ந்த சரிவுகளில் விளைவது. மெல்லிய தோலும் நெருங்கிய குலையும் உடையதாதலால், பழுக்குங்கால் மழை பெய்தால் விரைவில் அழுகிவிடும்.

சிரா: பிரான்சின் ரோன் பள்ளத்தாக்குக்கு உரியது. அவுஸ்திரேலியாவில் சிராஸ் எனப் பெயர் பெறும். வெப்பத்தைத் தாங்க வல்லது.

டெம்பிரனில்லோ ஸ்பெயினின் ரியோகாவிலும், சஞ்சியோவேசே இத்தாலியின் தஸ்கனியிலும் சிறந்து விளங்குவன. மல்பெக் என்னும் பிரெஞ்சு இனம் ஆர்ஜென்டீனாவின் மென்டோசாவில் பெரும் புகழ் பெற்றது. மென்டோசாத் திராட்சைத் தோட்டங்கள் பல, 3,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளன. உயரத்தில் அவை இலங்கை மலைநாட்டை ஒத்தனவாயினும், அங்கு ஆண்டு மழை ஏறத்தாழ 200 மில்லிமீற்றர் மட்டுமே. அந்தீஸ் மலைப்பனி உருகிய நீரைப் பாய்ச்சியே அங்கு பயிர் செய்கின்றனர்.

வெண்மது இனங்கள்

சார்டொனே பர்கண்டியில் தோன்றி உலகெங்கும் பரவியது. சோவிஞோன் பிளாங் பிரான்சின் லுவார் பள்ளத்தாக்கிலும் நியூசிலாந்தின் மார்ல்பரோவிலும், செனின் பிளாங் லுவாரிலும் தென்னாபிரிக்காவிலும் சிறப்புற்றவை. ரீஸ்லிங் ஜேர்மனியின் மோசெல் ஆற்றங்கரைக்கு உரியது. அவ்வாற்றின் சரிவுகள் தேயிலை மலைகளைப் போன்றே செங்குத்தானவை. அங்கும் தொழிலாளர் கூடை சுமந்து ஏறியே பழம் பறிப்பர்.

இரு பயிர்கள், ஒரே காலத்துத் துன்பம்

1860 களில் பைலொக்சீரா என்னும் நுண்ணிய பூச்சி அமெரிக்காவிலிருந்து பிரான்சுக்கு வந்து, திராட்சையின் வேர்களை உண்டு, தோட்டம் தோட்டமாக அழித்தது. அதே காலத்தில், 1869 ஆம் ஆண்டில், இலங்கையின் கோப்பித் தோட்டங்களில் இலைத் துரு நோய் தோன்றியது. கோப்பிக்கு மீட்சி கிட்டவில்லை. ஜேம்ஸ் டெயிலர் 1867 இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் நட்டுத் தொடங்கிய தேயிலையே அதன் இடத்தைப் பிடித்தது. திராட்சையோ பிழைத்தது. அப்பூச்சியைத் தாங்கும் அமெரிக்கத் திராட்சையின் அடித்தண்டில் ஐரோப்பிய இனங்களை ஒட்டுக்கட்டி அதனைக் காத்தனர்.

மற்றொரு தொடர்பும் உண்டு. போர்தோவில் வழிப்போக்கர் பழம் பறியாதிருக்க, சாலையோரக் கொடிகளில் துரிசும் சுண்ணாம்பும் கலந்து தெளிப்பது அக்காலத்தில் வழக்கமாயிருந்தது. அவ்வாறு தெளித்த கொடிகளில் அடிச்சாம்பல் நோய் காணப்படாமையைப் பேராசிரியர் மில்லார்டே கவனித்து, 1885 இல் அக்கலவையை உலகுக்கு அறிவித்தார். அதுவே போர்தோக் கலவை. 1946 இல் இலங்கைத் தேயிலையைக் கொப்புள நோய் தாக்கியபோது கைகொடுத்ததும் இக்கலவையின் வழிவந்த செம்பு மருந்துகளே.

வெப்ப நாடுகளில் திராட்சை

குளிர்நாட்டில் திராட்சை மாரிகாலத்தில் இலையுதிர்த்து உறங்கும், இளவேனிலில் துளிர்க்கும், கோடை வெயிலில் பழுக்கும். வெப்ப நாட்டில் இவ்வுறக்கம் இல்லை. ஆதலால் கவ்வாத்து வெட்டியே கொடியைத் துளிர்க்கவும் பூக்கவும் செய்ய வேண்டும். தேயிலைக்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து. திராட்சைக்கோ ஒவ்வொரு விளைச்சலுக்கும் கவ்வாத்து. கவ்வாத்து முதல் அறுவடை வரை, வெப்பமான சமவெளியில் ஏறத்தாழ நான்கு மாதங்கள் செல்லும். குளிர்ந்த இடத்தில் இன்னும் நீளும். பூக்கும் பருவமும் பழுக்கும் பருவமும் மழையின்றி அமைதல் வேண்டும்.

இந்தியாவின் நாசிக்கில் ஏப்ரலில் ஒரு கவ்வாத்தும் ஒக்டோபரில் ஒரு கவ்வாத்தும் செய்து, மழையற்ற மாதங்களில் அறுவடை செய்கின்றனர். செனின் பிளாங், சோவிஞோன் பிளாங், சிராஸ் ஆகியன அங்கு பயிராகின்றன. மியன்மாரின் சான் மலைகளில், ஹற்றனை ஒத்த உயரத்தில், சிரா விளைகின்றது. அங்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரை வானம் பெரும்பாலும் வறண்டிருக்கும்.

வியட்நாமின் தலாத் நகரம் நுவரெலியாவைப் போன்றே குடியேற்ற ஆட்சியாளர் அமைத்த குளிர்ந்த மலைநகர். அதன் பெயரால் திராட்சை மது விற்கப்படுகின்றது. ஆனால் அம்மதுவுக்கான திராட்சை, மலையடிவாரத்துக்கு அப்பால் வறண்ட கடற்கரைப் பகுதியான நின் துவானிலிருந்தே வருகின்றது.

தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்திலும் இதே பாடத்தைக் காணலாம். மேகமலையில் மழையும் மூடுபனியும் உண்டு; அங்கு தேயிலை விளைகின்றது. மலைக்குக் கீழே, மழைமறைவில் உள்ள கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர்த் திராட்சை விளைகின்றது. 2023 இல் புவிசார் குறியீடு பெற்ற இத்திராட்சை, மஸ்கட் ஹம்பேர்க் என்னும் இனமாகும். ஒரே மாவட்டத்தில் மேகம் தங்குமிடம் தேயிலைக்கும், மேகம் விலகுமிடம் திராட்சைக்கும் உரியதாயிற்று.

மலைநாட்டில் நேர்வது என்ன?

நுவரெலியா ஏறத்தாழ 6,100 அடி உயரத்தில் உள்ளது. அதன் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகை செல்சியசு. ஐரோப்பியத் திராட்சையின் வளர்பருவ வெப்பத்துக்கு இது மிகத் தொலைவானதன்று. குறை வேறிடத்தில் உள்ளது.

முதலாவது, இங்கு மாரி உறக்கம் இல்லை. ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் சிற்சில நாள் உறைபனி விழுந்தாலும், மாதச் சராசரி ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே நிலையில் இருக்கும். 10 பாகைக்கு மேல் வெப்பம் நீடித்தால் திராட்சை ஓயாது வளரும். உறங்காத கொடி இலையைப் பெருக்குமேயன்றிக் குலைகளை ஒருசேரத் தள்ளாது.

இரண்டாவது, மழை. நுவரெலியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,900 மில்லிமீற்றர் மழை பெய்கின்றது. போர்தோவில் இதன் பாதியளவே. ஹற்றன், வட்டவளைப் பக்கங்களில் தென்மேற்குப் பருவமழை மேலும் கடுமையானது. ஜனவரி முதல் மார்ச் வரையுள்ள வறண்ட காலம் ஏறத்தாழ மூன்று மாதங்களே. கொடிக்கு வேண்டியதோ நான்கு மாதங்களுக்கு மேல். வறட்சியில் பூத்த குலை மழையில் பழுக்க நேரிடும். அடிச்சாம்பல் நோயும் அழுகலும் அதனை விடா. ஊவாப் பக்கத்தில் வறண்ட காலம் சற்று நீளமாயினும், உறக்கக் குறை அங்கும் உண்டு.

செய்யத்தக்கது

இலங்கையில் திராட்சைக்கு ஏற்றது வடபுல வறண்ட நிலமே. யாழ்ப்பாணத்தார் முந்திரிகை என வழங்கும் இப்பயிர், அங்குள்ள செம்மண்ணில், கிணற்று நீர்ப்பாய்ச்சலில், நீண்ட வெயிலில் விளைகின்றது. இஸ்ரேல் புளூ என்னும் கருந்திராட்சை அங்கு பரவலானது. 1958, 1977 ஆம் ஆண்டுகளின் கலவரங்களுக்குப் பின் மலைநாட்டிலிருந்து சென்று கிளிநொச்சி, வவுனியாப் பகுதிகளில் குடியேறிய குடும்பங்கள் பல உள. அங்கு நிலமும் நீரும் உடைய உறவினர் இருப்பின், திராட்சைக்கான பணத்தையும் உழைப்பையும் அவ்விடத்தில் இடுதலே அறிவுடைமை.

மலைநாட்டில் ஆசைக்கு ஒரு கொடி வளர்க்க விரும்புவோர், காலை வெயில் படும், நீர் தேங்காத இடத்தைத் தெரிதல் வேண்டும். பந்தலின் மேல் ஒளிபுகும் பொலித்தீன் கூரை அமைத்து, டிசம்பர் இறுதியில் கவ்வாத்து வெட்டி, நோயுற்ற இலைகளை அகற்றி எரித்தல் நன்று. அப்போதும் வீட்டுக்குச் சில குலைகளை எதிர்பார்க்கலாமேயன்றி, விற்பனைக்கு விளைச்சலை எதிர்பார்க்கலாகாது. அனுமதிப்பத்திரமின்றி மது வடித்தல் மதுவரிக் கட்டளைச் சட்டத்தின்படி குற்றமாகும் என்பதையும் நினைவிற் கொள்க.

சிறு வீட்டுத்தோட்டத்தின் ஒவ்வோர் அடியும் குடும்பத்துக்கு உணவாகவோ வருவாயாகவோ பயன்பட வேண்டியது. அந்நிலத்தில் ஸ்ரோபெரி, பியர்ஸ், பீச் முதலிய பழங்களும் மரக்கறிகளும் நற்பயன் தரும். கொடி வாங்குமுன் குளிரை மட்டும் பாராது, மழை எம்மாதம் தொடங்கி எம்மாதம் ஓய்கின்றது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தேயிலை மழையையும் மூடுபனியையும் விரும்பும். திராட்சை வெயிலை விரும்பும். இவ்வேற்றுமையை உணர்ந்தோர் ஏமாறுவதில்லை.